பதினொரு சாட்சி, ஒரே வாக்குமூலம்

பவுலா ஹாக்கின்ஸ் எழுதிய ‘இன்டு தி வாட்டர்’ நாவல் 2017-இல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த அவருடைய ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்’ உலகம் முழுக்க 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, 2016-இல் ஆங்கிலத்திலும் 2021-இல் இந்தியிலும் படமாகிவிட்டது. அப்படிப்பட்ட புத்தகத்துக்குப் பின்னால் எது வந்தாலும் விற்கும். விற்றது. வந்த சூட்டிலேயே விற்பனைப் பட்டியல்களில் முதலிடம். படித்தவர்களிடம் கேட்டால்தான் சற்று யோசித்துப் பதில் சொல்கிறார்கள். என் அண்ணன் மகன் இதைக் கொடுக்கும்போதே, “அத்தை, முதல் நூறு பக்கம் பொறுத்துக்கோங்க. பேரெல்லாம் குழப்பும். அப்புறம் பிடிச்சுக்கும்” என்று ஜாமீன் சொல்லித்தான் கொடுத்தான். பொறுத்தேன். குழப்பம் தீர்ந்தது. பிடிக்கத்தான் இல்லை.

யார் செய்தது என்பதை மட்டும் இங்கே சொல்ல மாட்டேன். மற்றதைப் பேசாமல் இந்தப் புத்தகத்தைப் பற்றி எதுவும் பேச முடியாது. அதனால் சுத்தமாக ஒன்றும் தெரியாமல் படிக்க வேண்டும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கதை நடப்பது இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாண்டில், பெக்ஃபோர்டு என்ற கற்பனைச் சிற்றூரில். ஊரை ஒட்டி வளைந்து ஓடும் ஆறு. ஒரு வளைவில் செங்குத்தான பாறை, அதன் அடியில் ஆழமான மடு. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அதில் செத்திருக்கிறார்கள். சிலர் தாங்களே இறங்கியவர்கள், சிலர் இறக்கப்பட்டவர்கள். 2015 ஆகஸ்டில் நெல் ஆபட் என்பவளின் உடல் அங்கே கிடைக்கிறது. அந்த மடுவில் செத்த பெண்களைப் பற்றியே புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவள். ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்கு 15 வயதில் லீனா என்று ஒரு மகள். லண்டனிலிருந்து தங்கை ஜூல்ஸ் வந்து சேர்கிறாள். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டே பல வருடம் ஆகிறது. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அக்கா போன் செய்து ஏதோ சொல்ல வேண்டும் என்று பதிவு விட்டிருக்கிறாள், தங்கை திருப்பிக் கூப்பிடவில்லை. இதற்கு நடுவில், அந்தக் கோடையிலேயே லீனாவின் உயிர்த்தோழி கேட்டியும் அதே மடுவில் இறந்திருக்கிறாள்.

விசாரிப்பவர் ஷான் டவுன்சென்ட் என்ற இன்ஸ்பெக்டர். அவருடைய அம்மா லாரன் 1983-இல் அதே மடுவில் செத்தவர். அப்பா பேட்ரிக் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். மனைவி ஹெலன் பள்ளித் தலைமையாசிரியை. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த எரின் என்ற போலீஸ் அதிகாரி உண்டு. செத்தவர்களோடு பேசுவேன் என்று சொல்லும் நிக்கி உண்டு. கேட்டியின் அம்மா லூயீஸ், தம்பி ஜாஷ், பள்ளி ஆசிரியர் மார்க் இருக்கிறார்கள். மூச்சு வாங்குகிறதா? இதில் கேட்டியையும் லாரனையும் விட்டுவிட்டு, செத்துப்போன நெல்லின் கையெழுத்துப் பிரதியையும் சேர்த்துக்கொண்டால், மொத்தம் 11 பேரின் பார்வையில் கதை மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு பெயர். சிலர் ‘நான்’ என்று பேசுகிறார்கள், சிலருடைய அத்தியாயம் படர்க்கையில் இருக்கிறது.

எனக்கு வேலை கோர்ட்டில். தட்டச்சர். கூண்டில் ஏறும் சாட்சி சொல்வதைக் கேட்டு நீதிபதி ஐயா வாசகமாகச் சொல்லச் சொல்ல, அடிப்பவள் நான். அதனால் இந்த 11 பேர் விஷயத்தில் எனக்கு ஒரு தனிக் குறை இருக்கிறது.

எந்த இரண்டு சாட்சியும் ஒரே மாதிரி பேசுவதில்லை. மணி என்ன இருக்கும் என்று வக்கீல் கேட்டால், ஒரு பாட்டி “விளக்கு வைக்கிற நேரம் சாமி” என்பார். ஆட்டோக்காரர் “ஸ்கூல் ட்ரிப் முடிச்சுட்டு டீ குடிச்சிட்டிருந்தேன்” என்பார். ஏட்டு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் “மேற்படி தேதியில் மாலை சுமார் 6.30 மணியளவில்” என்றுதான் ஆரம்பிப்பார். சிலர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார்கள். ஒருவர் பதில் சொல்லுமுன் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டே இருந்தார், கடைசிவரை. ஆனால் தாளில் இறங்கும்போது எல்லோரும் ஒருவராகிவிடுவார்கள். “ஆஜர் எதிரியை எனக்குத் தெரியும். நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்.” பாட்டிக்கும் இதுதான், ஆட்டோக்காரருக்கும் இதுதான். விளக்கு வைக்கிற நேரமும் சுமார் 6.30 மணி ஆகிவிடும். கோர்ட்டுக்கு அது தேவை. யார் என்ன பார்த்தார் என்பது போதும், எப்படிச் சொன்னார் என்பது கேஸ் கட்டில் ஏறாது.

ஹாக்கின்ஸின் 11 பேரும் இந்தக் கட்டிலிருந்து எடுத்த வாக்குமூலங்களாகத்தான் இருக்கிறார்கள். தலைப்பில் உள்ள பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். லூயீஸா, ஹெலனா, எரினா என்று கண்டுபிடிக்க, அதில் யாருடைய பெயர் வருகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. மகளைப் பறிகொடுத்த தாய், தலைமையாசிரியை, வெளியூர் போலீஸ் எல்லோரும் அதே நீளத்தில் வாக்கியம் பேசுகிறார்கள், அத்தியாயத்தை அதே மாதிரி ஒரு பாதிச் செய்தியைத் தொங்கவிட்டு முடிக்கிறார்கள். இதில் தப்பிப்பது லீனா ஒருத்திதான். 15 வயதுக்காரியின் கோபம், கெட்ட வார்த்தை, எவனையும் நம்பாத வாய் எல்லாம் அவளுக்கு இருக்கின்றன. அவள் பக்கங்கள் வரும்போது புத்தகம் நிமிர்ந்து உட்காருகிறது. நிக்கி ஓரளவுக்குப் பரவாயில்லை, ஆனால் அவளை ஊர்ப் பைத்தியமாகவும் உண்மை சொல்பவளாகவும் ஒரே நேரத்தில் வைத்திருக்க ஆசிரியர் படும் பாடு தெரிகிறது.

குரல் ஒன்றாக இருப்பதைக்கூட மன்னித்துவிடலாம். சஸ்பென்ஸ் கதைக்குக் கதைதான் முக்கியம் என்று சொல்லலாம். மன்னிக்க முடியாதது அடுத்தது.

முந்தைய நாவலில் ரேச்சல் என்ற குடிகாரப் பெண் கதை சொல்கிறாள். ஒரு சனிக்கிழமை இரவு என்ன நடந்தது என்று அவளுக்கே நினைவில்லை, போதையில் அழிந்துபோயிருக்கிறது. நமக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து தேடுகிறோம். அந்தப் புத்தகம் ஓடியதற்குக் காரணமே அதுதான் என்பேன். அதிலும் கதை சொல்பவர்கள் மூன்று பெண்கள்தான், ஆனால் நடுவில் இருந்த அந்த ஓட்டை நேர்மையான ஓட்டை.

இங்கே பேசுபவர்களுக்கு எல்லாம் தெரியும். லீனாவுக்குக் கேட்டி ஏன் செத்தாள் என்று தெரியும். மார்க்குக்குத் தான் என்ன செய்தான் என்று தெரியும். ஜாஷுக்கும் தெரிய வேண்டிய அளவு தெரியும். ஷானுக்கும் நெல்லுக்கும் முன்பே பழக்கம் இருந்தது ஷானுக்குத் தெரியாதா? ஆனாலும் தங்கள் மனசுக்குள் தனியாகப் பேசும்போதுகூட அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். “அன்று நடந்ததை நினைக்கக் கூடாது” என்கிற மாதிரி ஒரு வரி, அத்தியாயம் முடிந்துவிடும். கோர்ட்டில் பிறழ்சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். போலீஸில் சொன்னதைக் கூண்டில் ஏறி இல்லை என்பார்கள். பயமோ, காசோ, சொந்தமோ, காரணம் இருக்கும். ஆனால் அவர்கள் மறைப்பது கோர்ட்டிடம். வீட்டுக்குப் போய்ப் பாயில் படுத்துக் கண்ணை மூடும்போதுமா தன்னிடமிருந்தே மறைப்பார்கள்? அப்போதுதானே அது வந்து நெஞ்சில் உட்காரும்! இந்த நாவலில் ஆட்கள் ரகசியம் காப்பதாகத் தெரியவில்லை. ஆசிரியர் அவர்கள் வாயைப் பொத்துகிறார், கை வெளியே தெரிகிறது.

இதற்கு ஒரு சமாதானம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நினைவு என்பதே நம்பகமில்லாதது, ஒவ்வொரு முறை எடுத்துப் பார்க்கும்போதும் உரு மாறுவது என்பதுதான் இந்த நாவலின் அடிநாதம். முகப்பிலேயே நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸின் மேற்கோள் ஒன்று அதைச் சொல்கிறது. ஜூல்ஸ் விஷயத்தில் இது அருமையாகப் பொருந்துகிறது, பின்னால் வருகிறேன். மற்றவர்களுக்குப் பொருந்தவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததைப் பற்றிய நினைவு குழம்பலாம். போன வாரம் செய்ததைப் பற்றியுமா? முடிவில் மாட்டிக்கொள்பவர் அதற்கு முன்னால் நம்மிடம் பேசிய ஆட்களில் ஒருவர்தான். 11 பேரில் ஒருவர் என்பதால் இதைச் சொல்வதில் ரகசியம் ஒன்றும் கெட்டுவிடாது. முடித்த பிறகு அந்த ஆளின் பழைய அத்தியாயங்களைத் திருப்பிப் பார்த்தேன். ‘அடடா, இங்கேயே சொல்லியிருக்கிறாரே’ என்று நாக்கைக் கடித்துக்கொள்ள வைக்கும் வரிகள் ஒன்றிரண்டு உண்டு. ஆனால் நியாயமாக அங்கே வந்திருக்க வேண்டிய நினைப்பு ஒன்று வரவே இல்லை.

போதாததற்கு ரகசியங்களின் எண்ணிக்கை. நெல் எப்படிச் செத்தாள், கேட்டி எப்படிச் செத்தாள், லாரன் எப்படிச் செத்தாள், ஜூல்ஸுக்குச் சின்ன வயதில் என்ன நடந்தது, யாருக்கும் யாருக்கும் தொடர்பு, மெலிவதற்கான மாத்திரை யார் காசில் வாங்கியது, நெல் எப்போதும் கையில் போட்டிருந்த வெள்ளிப் பிரேஸ்லெட் எங்கே போனது, ஹெலன் ஏன் கணவனை விட்டு மாமனார் வீட்டில் இருக்கிறாள். ஒவ்வொன்றும் தனியாக ஒரு நாவலுக்குக் காணும். இங்கே ஒன்று சூடுபிடிக்கும் நேரத்தில் இன்னொன்று வந்து நிற்கிறது. பிரேஸ்லெட் ஒருவருடைய மேசை இழுப்பறைக்குள் கிடைக்கும் இடம் உண்மையில் நல்ல இடம். தேடாத ஆள் கையில் அது கிடைக்கிறது, கிடைத்தவனுக்கு அதன் அர்த்தமும் புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் நமக்கு வேறு மூன்று கவலைகள் இருப்பதால், ‘ஓ, அதுவா’ என்று நகர்ந்துவிடுகிறோம். நம் மாத நாவல்களில் அத்தியாயம் ஒன்று, மூன்று, ஐந்து ஒரு கதை, இரண்டு, நான்கு, ஆறு இன்னொரு கதை என்று இரண்டு தடத்தில் ஓட்டுவார்கள். இருபது ரூபாய்க்கும் குறைவாக வாங்கி பஸ்ஸில் படித்துவிட்டு இறங்கிய காலத்தில் ஒருமுறைகூட எனக்குக் குழம்பியதில்லை. இரண்டு தடம் எங்கே சேரும் என்ற ஒரே கேள்வியை மட்டும் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சிக்கனம் இங்கே இல்லை.

சரி, சின்ன ஊர் என்று வந்துவிட்டோம். சின்ன ஊர் ரகசியம் எப்படி இருக்கும்? எங்கள் பக்கத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் இருந்தார். வியாழக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிடுவார். கேட்டால் கடைப் பையன், “அண்ணாச்சி கொள்முதலுக்குப் போயிருக்காங்க” என்பான். கேட்டவரும் “அப்படியா, நாளைக்கு வாங்கிக்கறேன்” என்று போவார். பக்கத்து ஊரில் அண்ணாச்சிக்கு இன்னொரு குடும்பம் இருப்பது பையனுக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும், தெருவில் பம்பரம் விடும் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் காலமான பிறகு வாரிசுச் சான்று கேட்டு இரண்டு வீட்டாரும் தாலுகா அலுவலகத்தில் ஒரே நாளில் வந்து நின்றபோது, வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் அதிர்ச்சி அடைந்தவர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த மௌனத்தைக் கட்டிக் காப்பதற்கு ஓர் ஊரே உழைக்கும். அதில்தான் பயங்கரம் இருக்கிறது.

பெக்ஃபோர்டில் ஊரே இல்லை. 11 பேருக்கு வெளியே ஆள் நடமாட்டம் கிடையாது. புத்தகத்தை மூடிய பிறகு, அந்த ஊர்க்காரர்கள் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள் என்று யாராவது கேட்டால், போலீஸ், வாத்தியார், குறி சொல்பவர் என்றுதான் என்னால் சொல்ல முடியும். நார்தம்பர்லாண்டு இங்கிலாந்திலேயே ஜன நெருக்கடி மிகக் குறைந்த கவுண்டி. ஒரு பக்கம் ஆடு மேய்க்கும் மலை, இன்னொரு பக்கம் நிலக்கரி. அங்கே கடைசியாக மிஞ்சியிருந்த ஆழ்சுரங்கம், எல்லிங்டன், 2005-இல் மூடப்பட்டது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு சிற்றூர் என்றால் வேலை போன ஆண்கள், வெளியேறும் பிள்ளைகள், விடுமுறைக்கு வரும் நகரத்துக்காரர்கள்மேல் ஒரு கடுப்பு, இதெல்லாம் இருக்காதா? நெல்மேல் ஊருக்கு இருக்கும் வெறுப்பு முதுகெலும்பில்லாமல் நிற்பது இதனால்தான். எல்லோரும் அவளை வெறுத்தார்கள் என்று நாவல் சொல்கிறது. அந்த எல்லோரும் யார் என்று காட்டவில்லை. கடையில் அவளுக்குச் சில்லறை கொடுக்கும் கை எப்படி விலகியது என்று ஒரு வரி போதும், நம்பியிருப்பேன்.

சரித்திரத்தையும் இப்படித்தான் கையாள்கிறார். நாவலின் தொடக்கமே லிபி என்ற சின்னப் பெண். 1679. சூனியக்காரி என்று கட்டித் தண்ணீரில் இறக்குகிறார்கள், இழுக்கிறார்கள், மறுபடி இறக்குகிறார்கள். இரண்டே பக்கம். குளிரும் ஆண்களின் கூட்டமும் மட்டும்தான் அதில் இருக்கின்றன. மொத்தப் புத்தகத்திலும் சிறந்த பக்கங்களில் அவையும் உண்டு. அதைப் படித்துவிட்டு நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் சூனியத்துக்குச் சட்டப்படி தண்டனை தூக்கு. தண்ணீரில் இறக்குவது தண்டனையாக இல்லை, சோதனையாக நடந்தது. மிதந்தால் குற்றவாளி, மூழ்கினால் நிரபராதி. அதைவிட, பெக்ஃபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளத்தக்க ஒரு நிஜ சம்பவம் இருக்கிறது. 1650-இல் நியூகாஸில் நகரசபை ஸ்காட்லாந்திலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தது. ஊருக்குள் மணியடித்துத் தண்டோரா போட்டார்கள், யார்மேல் புகார் இருந்தாலும் வந்து சொல்லலாம் என்று. அந்த ஆள் பெண்களின் உடம்பில் ஊசியால் குத்தி, ரத்தம் வராவிட்டால் சூனியக்காரி என்று முடிவு கட்டுவான். கண்டுபிடிக்கும் ஒவ்வொருத்திக்கும் அவனுக்கு 20 ஷில்லிங் கூலி. கிட்டத்தட்ட 15 பேரைத் தூக்கில் போட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசி நகரசபையே நடத்தியது.

ஹாக்கின்ஸ் சொல்ல வருவது இதைத்தான். தொல்லையாகிவிட்ட பெண்களை ஊர் சேர்ந்து அப்புறப்படுத்துகிறது, பிறகு மடுவின்மேல் பழியைப் போட்டுவிடுகிறது என்பது நெல்லின் கையெழுத்துப் பிரதி வழியாக வரும் வாதம். நல்ல வாதம். ஆனால் 1679-இல் லிபி, முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வந்த கணவனைக் கொன்றுவிட்டு ஆற்றில் இறங்கிய ஆன் வார்ட் 1920-இல், லாரன் 1983-இல் என்று இரண்டு மூன்று பக்கத் துண்டுகளாக இடையிடையே செருகியிருப்பதால், அந்தத் துண்டுகள் சூழலுக்கு ஒரு மஞ்சு மூட்டம் போடுவதோடு சரி. இன்றைய கொலைக்கும் அவர்களுக்கும் உறவு என்ன? நிக்கி வந்து ‘எல்லாம் தொடர்புள்ளது’ என்று அடிக்கடி சொல்கிறாள். சொன்னால் ஆயிற்றா? அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு இருபது பக்கம் கொடுத்து, போலீஸ் விசாரணையில் பாதியை வெட்டியிருந்தால் இது வேறு புத்தகம்.

போலீஸ் விசாரணை என்றதும் ஒன்று. தன் அம்மா செத்த அதே இடத்தில், தன் அப்பா போலீஸாக இருந்த அதே ஊரில் நடந்த சந்தேக மரணத்தை ஒருவர் விசாரிக்கிறார். நெல்லோடு அவருக்கு இருந்த பழக்கம் ரகசியம், அது மேலதிகாரிக்குத் தெரியாது, சரி. ஆனால் செத்தவள் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தில் இன்ஸ்பெக்டரின் அம்மாவே ஓர் அத்தியாயம்! அது கட்டில் இருக்கும் ஆவணம். வேறு அதிகாரிக்கு மாற்றுங்கள் என்று ஒரு குரல்கூட உரக்க எழவில்லை. நம் ஊர்ச் சின்னக் கேஸில்கூட எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டு குறுக்கு விசாரணையில் ஒரு மணி நேரம் தொங்கியிருப்பார். எரினுக்கு அவ்வப்போது சந்தேகம் வருகிறது. சந்தேகம் வந்து என்ன, அடுத்த அத்தியாயம் வேறு ஆளுடையது.

ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. அதற்குக் காரணம் ஜூல்ஸ்.

ஜூல்ஸின் அத்தியாயங்கள் எல்லாம் செத்துப்போன அக்காவைப் பார்த்து ‘நீ’ என்று பேசுபவை. எனக்கு நம் ஒப்பாரிதான் ஞாபகம் வந்தது. பிணத்தைப் பார்த்து ‘என்னை இப்படி விட்டுட்டுப் போனியே’ என்று சண்டை போடுவோமே, அந்த மாதிரி. அன்பை விடத் திட்டுதான் அதிகம். 1993-இல் ஜூல்ஸ் குண்டாக, எல்லோரும் கேலி செய்யும் 13 வயதுப் பிள்ளை. அக்கா அழகி, ஊர்ப் பையன்கள் எல்லாம் அவளைச் சுற்றி. அக்காவின் காதலன் அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஒரு கொடுமை செய்கிறான். அன்று இரவே அவள் ஆற்றில் இறங்குகிறாள், அக்கா இழுத்துக் கரை சேர்க்கிறாள். பிறகு அக்கா ஒரு கேள்வி கேட்கிறாள். அந்தக் கேள்வி தனக்கு நடந்த கொடுமையைப் பற்றியது என்று தங்கை எடுத்துக்கொள்கிறாள், அக்காவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே கேட்கிறாள் என்று. அக்கா கேட்டதோ தண்ணீரில் இறங்கியதைப் பற்றி. இருபது வருடத்துக்கு மேல் பேச்சு முறிந்து போனதற்கு இந்த ஒரு கேள்வி காரணம். உண்மை தெரியும்போது திருப்பிக் கூப்பிட அக்கா இல்லை.

இதில் போலி கிடையாது. ஜூல்ஸ் நம்மிடம் எதையும் மறைக்கவில்லை, அவள் தப்பாகப் புரிந்துகொண்டதைத்தான் நாமும் நம்பினோம். சாக்ஸின் மேற்கோள் இங்கேதான் உயிர் பெறுகிறது. வீட்டுக்குள் அலையும் ஜூல்ஸ், அக்காவின் துணிமணி, அக்கா மாதிரியே முகம் உள்ள லீனா, அவளோடு ஒரு வார்த்தை பேசத் தெரியாத சித்தி, இவர்கள் இருவரும் மெதுவாக ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளக் கற்பது எல்லாம் நிதானமாக வந்திருக்கிறது. ஹாக்கின்ஸுக்குப் பெண்கள் தங்கள் உடம்பின்மேல் கொள்ளும் வெறுப்பை எழுத வருகிறது. ஆண்கள் இரக்கமில்லாமல் சிரிக்கும் சிரிப்பையும் எழுத வருகிறது. அக்கா, தங்கை, மகள், ஆறு என்று நாலு பேரோடு நின்றிருந்தால் போதும். முந்தைய வெற்றி பெரிதாக இருந்ததால் எல்லாவற்றையும் மூன்று மடங்காகப் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்களோ என்று தோன்றியது. அது என் ஊகம்.

மார்க் விஷயத்திலும் ஒரு வார்த்தை. 15 வயது மாணவியோடு உறவு வைத்த ஆசிரியன். அவன் மனசுக்குள் போய், அவன் தன்னைக் காதலனாகவே நினைத்துக்கொள்வதை எழுதியிருப்பது துணிச்சல். படிக்க அருவருப்பாக இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் அவனுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் முழுதாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். சில நாவல்களில் அப்படி விடுவது நன்றாக இருக்கும். மற்ற ஒவ்வொரு முடிச்சையும் கடைசி அறுபது பக்கத்தில் அடுக்கடுக்காக அவிழ்த்துவிட்டு இதை மட்டும் விட்டால், களைத்துப்போய் விட்டார் என்றுதான் தோன்றுகிறது.

கடைசித் திருப்பம் கடைசிப் பக்கத்தில் வருகிறது. குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொரு ஒப்புதல். என் அண்ணன் மகன் இதற்குத்தான் புத்தகத்தையே தூக்கிவைத்துக் கொண்டாடுகிறான். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது, மறுப்பதற்கில்லை. அதே சமயம், மேலே சொன்ன அந்த ஏமாற்று இல்லாமல் இந்த அதிர்ச்சி கிடைத்திருக்காது என்பதும் உடனே புரிந்தது. “அத்தை, உங்களுக்கு எதுவுமே பிடிக்காது” என்றான். லீனா பிடித்தாள், ஜூல்ஸ் பிடித்தாள் என்றேன். அவன் கேட்பதாக இல்லை.

படிக்கப் போகிறவர்களுக்கு: ஆங்கிலம் எளிமைதான், அகராதி தேவைப்படாது. அச்சுப் புத்தகமாகவே வாங்குங்கள். கிண்டிலில் படித்தால் ‘இந்த ஹெலன் யார்’ என்று பின்னால் போய்ப் பார்ப்பது பெரும்பாடு. 350 பக்கத்துக்கு மேல் இருந்தாலும் அத்தியாயங்கள் மூன்று நான்கு பக்கம்தான், வேகமாக ஓடும். ஆனால் விட்டு விட்டுப் படித்தால் பெயர்கள் மறந்துவிடும், லீவு நாளாகப் பார்த்து எடுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிச் செருகிக்கொள்ளுங்கள், ஷானின் குடும்பத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டு. தற்கொலை, சிறு பெண்களுக்கு நேரும் கொடுமை இரண்டும் கதை முழுக்க வருகின்றன, அதைத் தாங்க முடியாத மனநிலையில் இருந்தால் வேண்டாம். ஹாக்கின்ஸை இதுவரை படிக்காதவர்கள் ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்’ நாவலிலேயே ஆரம்பிக்கட்டும். அதைப் படித்தவர்களுக்கு 2021-இல் வந்த ‘எ ஸ்லோ ஃபயர் பர்னிங்’ இருக்கிறது. லண்டன் கால்வாயில் ஒரு படகு வீடு, அதற்குள் ஒரு கொலை, சந்தேகத்துக்கு ஆளாகும் பெண்கள் மூன்று பேர். ஆள் குறைவு என்பதாலேயே அது எனக்கு இதைவிடப் பிடித்தது.